கிராணி சீட்டு

வெயிலில் வெந்த ரெக்சினுக்கு ஒரு வாசம் உண்டு. மூக்கில் ஏறியதும் தொண்டைவரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் காரின் சீட்டில் அந்த வாசத்தோடு இன்னொன்றும் கலந்திருந்தது: இடுப்பு வலிக்குத் தேய்ப்பார்களே, அந்தப் பச்சைத் தைலத்தின் நெடி. அம்மா சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தார், எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தார், சாம்பிராணிகூடக் காட்டிப் பார்த்தார். காலையில் போய்விட்டதுபோல் இருக்கும். மத்தியானம் வெயில் ஏறியதும் சீட்டின் உள்ளேயிருந்து மெல்லக் கிளம்பி வந்துவிடும். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தத் தைலத்தைத் தொட்டதில்லை.

அதை இப்போது நினைப்பதற்குக் காரணம் என் முதுகு. மகளை ஜோகூர் பாருவில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவளைப் பார்க்க அடிக்கடி சிரம்பானிலிருந்து நானே கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். மலாக்காவைத் தாண்டுவதற்குள் வலது இடுப்பில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் தொடங்கும். மூவார் வருவதற்குள் அது தொடைக்கு இறங்கிவிடும். சீட்டை முன்னால் தள்ளி, பின்னால் சாய்த்து, மேலே ஏற்றி, கீழே இறக்கி, கழுத்துக்கு ஒன்று இடுப்புக்கு ஒன்று என்று தலையணை வைத்து, பார்க்காத வித்தையில்லை. கார் விற்ற பையன் ஒரு பொத்தானைக் காட்டி, "இத அமுக்குனா முதுகுகிட்ட ஒரு மேடு வரும் ஆன்ட்டி, ஜோகூர் வரைக்கும் தூங்கிக்கிட்டே போலாம் லா" என்றான். மேடு வந்தது. தூக்கம் வரவில்லை, வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இந்தச் சீட்டைச் செய்தவனை இதிலேயே கட்டிவைத்து ஜோகூருக்கும் சிரம்பானுக்கும் அலைய விட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போகிறேன். திட்டி முடித்ததும் காருக்குள் ஓர் அமைதி வரும். அந்த அமைதியில்தான் கிராணியின் நினைவு வருகிறது.

எங்கள் தோட்டம் லிங்கி ஆற்றை ஒட்டியிருந்தது. அப்பா மாணிக்கம் அங்கே ரப்பர் பால் ஏற்றும் லாரியின் டிரைவர். அம்மா பால் மரம் சீவுகிறவர். தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் துரையும் கிராணியும் மட்டும்தான். கிராணி என்றால் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் என்று சொல்லிவிடலாம், ஆனால் அப்படிச் சொன்னால் அவருடைய அதிகாரம் யாருக்கும் விளங்காது. அவர் கார் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிட வேண்டும். அவர் முன்னால் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடு ஆபீசுக்கு லீவு கேட்கப் போனவர்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கேட்பார்.

எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வாயில் "போவோம்", "வருவோம்" என்று வருவது அவர் வாயில் "போவம்", "வருவம்" என்று வரும். அவருக்குத் தீராத இடுப்பு வலி. எப்போதும் வலது பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார், காரில் போனாலும் வலது முழங்கையைச் சன்னலில் ஊன்றிக்கொண்டு. அப்பா அவரைப் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "மாணிக்கம், லொறியைக் கழுவிப்போட்டியோ?" என்பார். நானும் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். "யாராச்சும் கேட்டுத் தொலைக்கப் போறாங்க" என்று அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்னொரு தடவை செய்யச் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கிராணி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு சி ரூசா கடற்கரைக்குப் போய்விடுவார். ஒரு சவுக்கு மரத்தடியில் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டு, இறங்காமல், எஞ்சினையும் அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். அணைத்தால் மறுபடி கிளம்பச் சண்டித்தனம் செய்யும் வண்டி அது. கடலில் அவருக்கு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊர் நினைப்பாக இருக்கலாம், வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாததாகவும் இருக்கலாம். அப்படிப் போன ஒரு ஞாயிறு அவர் திரும்பி வரவில்லை. கச்சாங் விற்கும் மலாய்க்காரர் ஒருவர் சன்னலருகே போய்க் கடலை வேண்டுமா என்று கேட்டிருக்கிறார், பதில் இல்லை. தூங்குகிறார் என்று விட்டுவிட்டுக் கரை முழுக்கச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் அதே முழங்கை, அதே சாய்வு. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

அந்தக் காரை யாரும் வாங்க முன்வரவில்லை. கிராணியின் மனைவி கோலாலம்பூருக்குப் பிள்ளைகளிடம் போகிற அவசரத்தில் கிடைத்த விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். அப்பாவுக்கு லாரியை விட்டுவிட்டுச் "சாப்பு" ஓட்ட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. சாப்பு என்றால் லைசென்ஸ் இல்லாத டாக்சி. தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றிக்கொண்டு போவது. "செத்த மனுசன் உக்காந்த சீட்டுங்க அது" என்று அம்மா தடுத்துப் பார்த்தார். "செத்தவரா ஓட்டப் போறாரு? நான்தான ஓட்டப் போறேன்" என்று அப்பா சிரித்தார்.

கார் சாம்பல் நிறம், சீட்டெல்லாம் கருஞ்சிவப்பு. டிரைவர் சீட்டில் வலது பக்கம் நன்றாக உள்வாங்கி ஒரு குழி இருந்தது. அதில் யார் உட்கார்ந்தாலும் உடம்பு தானாக வலது பக்கம் சரியும், முழங்கை தானாகச் சன்னலுக்குப் போகும். நான் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குழி என் அளவுக்குப் பெரியது, வெயிலில் நின்ற கார் அது, எல்லாம் தெரியும். இருந்தாலும் அடியிலிருந்து வந்த அந்தச் சூடு இப்போதுதான் ஒருவர் எழுந்து போன இடத்தின் சூடாக இருந்தது. சட்டென்று குதித்து இறங்கிவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் வேறு, "மாணிக்கம் கடசீல கிராணி சீட்டையே புடிச்சிட்டான்யா!" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி அப்பாவுக்குத் தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்தை இன்னொரு சுற்றுச் சுற்றி வருவார்.

இந்த இடத்தில் என் கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் தலையால் பிறக்கவில்லை, காலால் பிறந்தவள். கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள், ஊசியும் போடுவார்கள், அதை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "பாப்பா இருக்காளா? ஒரு மிதி மிதிக்கச் சொல்லேன்" என்று வாசலில் குப்புறப் படுத்துவிடுவார்கள். நான் பள்ளிக்கூட உடுப்போடு, காலை மட்டும் கழுவிவிட்டு ஏறி நிற்பேன். பெரியவர்களை மிதிக்கிறோமே என்று கூச்சமெல்லாம் கிடையாது. தோட்டத்தில் மற்றப் பிள்ளைகளின் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். என் கால் பட்டால் காசுமிட்டாய் கிடைத்தது. எனக்கு அதில் திமிர்கூட இருந்தது என்று வையுங்கள்.

மிதித்து மிதித்து எனக்கு முதுகுகள் அத்துப்படியாகிவிட்டன. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கியவர்களுக்குத் தோளில் ஒரு மேடு இருக்கும். புல்லு வெட்டும் பெண்களுக்கு இடுப்புக்கு மேலே இரண்டு கயிறு முறுக்கினாற்போல் நிற்கும். கண்ணைக் கட்டிவிட்டால்கூட யார் முதுகு என்று காலால் சொல்லிவிடுவேன். அப்பாவுடையது பலகை மாதிரி அகலமான, இறுகிய முதுகு. இடது தோளுக்குக் கீழே பால் தொட்டியின் மூடி விழுந்து வெட்டிய தழும்பு ஒன்று என் குதிகாலுக்குச் சரியாக அகப்படும். லாரி ஓட்டிய நாளில் மிதித்தால் வலியே இருக்காது, வெறும் சோம்பல்தான். "ஏறு, ஏறு, லாரி கெளம்பிருச்சு" என்று உடம்பைக் குலுக்கி என்னைத் தள்ளிவிடப் பார்ப்பார்.

கார் வந்த பிறகுதான் அவருக்கு நிஜமான வலி வந்தது. ஈப்போவுக்கு ஒரு சவாரி, பத்துமலைக்கு ஒரு சவாரி என்று தூரம் கூடக் கூட, திரும்பி வந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். நிமிரும்போது வலது பக்கம் சாய்ந்தபடியே நிமிர்வார். "முதுகு புடிச்சிக்கிச்சு" என்று அம்மாவிடம் சொல்லுவார். எனக்கு அந்த வயதில் "புடிச்சிக்கிச்சு" என்றால் ஒன்றுதான் தெரியும். கடைசி லயத்தில் ஒரு அக்காவுக்குப் பேய் "புடிச்சிக்கிச்சு" என்று மாரியம்மன் கோவிலில் வேப்பிலை அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே அப்பாவின் முதுகை எது பிடித்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. யார் என்றுதான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன், அதற்கும் பதில் தெரிந்தே இருந்தது.

ஒரு பிற்பகல் பள்ளி விட்டு வந்தபோது அப்பா நடுவீட்டில் பாயில் குப்புறப் படுத்திருந்தார். மிதி என்றுகூடச் சொல்லவில்லை. நானே கால் கழுவிக்கொண்டு ஏறினேன். ஏறியதும் கால் புதைந்தது. பலகையைக் காணோம். நாற்காலியிலேயே ஆண்டுக்கணக்காக உட்கார்ந்த, சதை தளர்ந்த, ஒரு பக்கம் கோணிய முதுகு அது. தழும்பைத் தேடிக் குதிகாலை நகர்த்தினேன், அகப்படவில்லை. குனிந்து பார்த்தால் தழும்பு அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது. காலுக்கு மட்டும் தெரியவில்லை. அடியிலிருந்து தைல நெடி வந்தது. "அப்பா" என்று கூப்பிட்டேன். "ம்" என்றார். அந்த "ம்" அப்பாவுடையதா என்று எனக்கு நிச்சயமில்லை. கீழே இறங்கி அடுப்படிக்கு ஓடி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னடி என்று அம்மா கேட்டார். அப்பாவின் முதுகு இது இல்லை என்று எந்தப் பிள்ளை எந்தத் தாயிடம் எப்படிச் சொல்லும்?

சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அப்பா வீட்டுப் பெஞ்சிலும் வலது பக்கம் சாய்ந்து உட்கார ஆரம்பித்திருந்தார். பேசுமுன் தொண்டையைச் செருமினார். நடித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்; நான் கேட்டபோது, "செத்தவங்கள வச்சி வெளையாடக் கூடாது" என்று எரிந்து விழுந்தார். அதற்குள் இன்னொன்று நடந்தது. ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் ஒருவர், ரொம்ப வயதானவர், சைக்கிளில் எதிரே வந்தவர் எங்கள் காரைக் கண்டதும் தடுமாறி இறங்கி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். கார் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார். பின்சீட்டில் இருந்த எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அப்பாவைப் பார்த்த பிறகும் அவர் துண்டைத் தோளில் போடவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் வந்து, "கார பாத்துப் பழக்கத்துல எறங்கல தாயி, ஆள பாத்துத்தான் எறங்குனேன். கிராணி ஐயாதான் வந்தாரு" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அம்மா அழுதுவிட்டார். "அந்தச் சீட்டத் தூக்கிக் கெடாசுங்க. ஒரு பலகைய அடிச்சாவது ஓட்டுங்க. எனக்கு ஒங்கள விட்டா வேற யாரு இருக்கா?" என்றார். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இத்தினி வருசம் அந்தாளு முன்னுக்குக் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உக்காரு மாணிக்கம்னு சொல்லியிருப்பாரா? இப்ப அவரு சீட்டுல நான் உக்காந்திருக்கேன். முதுகு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. அத மட்டும் கழட்டச் சொல்லாத." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது, பயம் அதைவிட அதிகமாக வந்தது. கிராணி எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படியே, அதே குழியில் போய்விடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் குளுவாங்கில் சின்னம்மா மகளுக்குச் சடங்கு வந்தது. நாங்கள் மூன்று பேரும் காரில் போய்விட்டு மறுநாள் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை என்பது கிளம்பும்போது யாருக்கும் உறைக்கவில்லை. யோங் பெங் வரைக்கும் அப்பா நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மூவாரில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது இறங்க முடியாமல், கிளாசைச் சன்னல் வழியாகவே வாங்கிக் குடித்தார். மலாக்கா தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. முன்சீட்டில் அம்மா தூங்கிவிட்டார். நான் அப்பாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முழங்கை சன்னலுக்குப் போனது. சன்னல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. காற்று முகத்தில் அடித்தது. அப்படியும் தைல நெடி போகவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பும் சிம்பாங் வந்தது. அந்த முச்சந்தியில் ஒரு சீனர் மளிகைக் கடை உண்டு, கண்ணை மூடிக்கொண்டாலும் கருவாட்டு வாசத்தில் தெரிந்துவிடும். கார் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "அப்பா, சிம்பாங் போயிருச்சு" என்றேன். "ம்" என்றார். பாசிர் பாஞ்சாங் போனது, தென்னைகள் போயின, கடல் தெரிய ஆரம்பித்தது. பிறகு சி ரூசா. அப்பா தேடவும் இல்லை, தயங்கவும் இல்லை. நெடுநாள் பழகியவர் மாதிரி சாலையை விட்டு இறக்கி ஒரு சவுக்கு மரத்தடியில் கடலைப் பார்த்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

நல்ல வெயில். பிள்ளைகள் தண்ணீரில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், யாரோ கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. தலையில் கூடையோடு கச்சாங் விற்கும் மலாய்க்காரர் எங்களை நோக்கி வந்தார். காரைப் பார்த்து நடை குறைந்தது. சன்னலில் இருந்த முழங்கையைப் பார்த்தார். வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போய்விட்டார்.

எஞ்சின் அதிர்வில் அம்மா விழித்துக்கொண்டார். "என்னங்க, இங்க எதுக்கு வந்தோம்?" என்றார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."

அம்மா சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். எப்போதும் சிரிக்கிற குரல்தானே அது, எத்தனை நாள் தகரத்தின்மேல் உட்கார்ந்து சொன்ன குரல். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் கையைத் தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார், பிறகு இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "என்னங்க! இங்க பாருங்க! என்னயப் பாருங்க!" அப்பாவின் கண்கள் திறந்துதான் இருந்தன, கடலைப் பார்த்துக்கொண்டு. மூச்சு மெதுவாக, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தலை சன்னல் பக்கம் சாயத் தொடங்கியது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பின்சீட்டில் முதுகை அழுத்தி, இரண்டு காலையும் மடக்கி, அப்பாவின் சீட்டு முதுகில் என் பலமெல்லாம் கூட்டி உதைத்தேன். மறுபடி உதைத்தேன். அழுதுகொண்டே, "எறங்கு, எங்கப்பா மேல இருந்து எறங்கு" என்று கத்திக்கொண்டே உதைத்தேன். உள்ளே ஏதோ "டங்" என்று அறுந்தது. அப்பா முன்னால் போய் ஸ்டியரிங்கில் மோதி, "ஐயோ! எவடி அவ முதுகுல ஒதைக்கிறது!" என்று அலறினார். என் அப்பாவின் குரல். எங்கள் தோட்டத்துக் குரல். அதைத் தொடர்ந்து வந்த கெட்ட வார்த்தையைக் கேட்டு என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. அப்பாவை இறக்கி மணலில் உட்கார வைத்தார். காரின் பின்பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கழட்டுங்க" என்றார். அப்பா மறு பேச்சுப் பேசாமல் நட்டுகளைக் கழற்றினார். இரண்டு பேருமாகச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய், சவுக்கு மரத்தடியில், கடலைப் பார்க்க வைத்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிராணிமுன் எப்படி நிற்பாரோ அப்படியே அந்தச் சீட்டின் முன்னால் நின்றார். "ஐயா, ஒங்களுக்குக் கடல்தான வேணும்? ஆசை தீர இருந்து பாருங்க. எங்காள விட்டுருங்க" என்றார். வெறும் சீட்டுதான். இருந்தாலும் அது கேட்டுக்கொண்டிருந்தது என்று நான் இன்றும் சொல்லுவேன்.

ஸ்பேர் டயரைப் போட்டு, அதன்மேல் அம்மாவின் சேலை மூட்டையை வைத்து, அதில் உட்கார்ந்துதான் அப்பா வீடுவரை ஓட்டினார். லயத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. வந்ததும் பாயில் குப்புறப் படுக்க வைத்து நான் ஏறினேன். பலகை. குதிகாலுக்குக் கீழே தழும்பு. மிதிக்காமல் அப்படியே அவர்மேல் படுத்து அழுதேன். அதன் பிறகு மரப்பலகையில் இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டு நெடுங்காலம் சாப்பு ஓட்டினார், முதுகு வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்டால், "ஸ்பிரிங்கு ஒடஞ்சி ஒரு பக்கம் அமுங்கியிருந்திச்சி, அதான் வலி" என்பார். சி ரூசாவுக்கு ஏன் போனீர்கள் என்றால், "தூக்கக் கலக்கம்." அந்த "போவம்" பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். வயதாகி, கட்டிலில், நேராக மல்லாந்து படுத்தபடி காலமானார். அடுத்த முறை நாங்கள் சி ரூசா போனபோது மரத்தடியில் சீட்டு இல்லை. யார் எடுத்துக்கொண்டு போனார்கள், எந்தக் காரில் மாட்டினார்கள் என்று தெரியாது.

ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்ததும், செம்பனையும் போய் வீடமைப்பு வந்ததும் எல்லோரும் எழுதிவிட்ட கதை. எனக்கு அதில் பெரிய துக்கம் இல்லை. நான் தேடுவது வேறு. போன மாதம் முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறு பெண் ஒருத்தி, "ஏன் ஆன்ட்டி எப்பவும் ரைட் சைடு சாஞ்சே உக்கார்றீங்க?" என்று கேட்டாள். சட்டென்று நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். குளுவாங் சின்னம்மா மகளின் பெண் பிரசவ வார்டில் தாதி. அவளுக்குப் போன் போட்டு, காலால் பிறந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "இப்ப யாரு பெரியம்மா காலால பொறக்கறா? ஸ்கேன்ல கால் கீழ இருந்தாலே நாள் குறிச்சி வெட்டி எடுத்துருவாங்க." நல்லதுதான், என்னைப் பெறும்போது அம்மா பிழைத்ததே பெரிய பாடு என்பார்கள். ஆனால் மிதிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

போன ஞாயிறு மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். ஆயர் குரோவில் நிறுத்திக் கொஞ்சம் நடந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு சிரம்பானுக்குள் நுழைய வேண்டியவள். அடுத்து எனக்கு நினைவு வரும்போது முன்னால் கடல் இருந்தது. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள், நடுவில் மிச்சமிருக்கும் சவுக்கு மரம் ஒன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி காரில் எதற்காகச் சன்னலை இறக்கினேன் என்று தெரியவில்லை. வலது முழங்கை அதில் இருந்தது. சரி, கிளம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்று வந்தது.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மகள் கொடுத்தனுப்பிய பலகாரப் பெட்டியும் ஒரு குடையும் கிடந்தன, வேறு யாருமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் கால்களைப் பார்த்தேன். தோட்டத்தில் பாதிப் பேருடைய முதுகை மிதித்து நிமிர்த்திய கால்கள். என் முதுகுக்கு அவை எட்டாது.